ரசீது கேட்காமல் வந்த நாள்

2025 பிப்ரவரியில் ஒரு ராத்திரி எங்கள் ஷெட்டின் பூட்டை அறுத்து மூன்று மூட்டை மிளகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். களத்தில் காயவைத்து, புடைத்து, சாக்கில் பிடித்து வைத்திருந்த மிளகு. நூற்றைம்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். கிலோ அறுநூறு ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்த நேரம். கீழ்ப்பழனி மலையில் மூன்று ஏக்கர் காப்பியும், நடுவே சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியுமாகப் பிழைக்கிற எங்களுக்கு அந்த மூன்று மூட்டைதான் பாதி வருஷத்துச் செலவு.

மிளகு போன வருத்தம் இப்போது எனக்கு இல்லை. அதைத் தேடுகிறோம் என்று சொல்லி எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த தம்பியை என்ன செய்தார்கள், அதில் என் பங்கு என்ன, பிறகு நாங்கள் எங்கெல்லாம் போய் நின்றோம் என்பதைத்தான் எழுதுகிறேன். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை. தம்பியும் அதே ஊரில்தான் இருக்கிறான். இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளையை அவன் இவன் என்று எழுதுவது அவனைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை. என் கண்முன்னே வளர்ந்தவன், அதனால்தான்.

நான் பதினெட்டு வருஷம் கிளைத் தபால் நிலையத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவள். இப்போதும் ஊரில் போஸ்ட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவுத் தபால் கொடுத்த எவரையும் ரசீது இல்லாமல் நான் அனுப்பியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாக இருந்தாலும் ரசீதைக் கையில் மடித்துக் கொடுத்து, "பத்திரமா வைங்க, நாளைக்கு இதுதான் சாட்சி" என்று சொல்லித்தான் அனுப்புவேன். அப்படி இருந்த நான், போலீஸ் ஸ்டேஷனில் மனுவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன். நடந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ரைட்டர் மேஜைக்கு எதிரே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நின்றேன். மனுவை வாங்கியவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாவது பக்கத்தைத் திருப்பவே இல்லை. "வச்சிட்டுப் போங்கம்மா. ஐயா ரவுண்ட்ஸ்ல இருக்காரு, கூப்பிடுறோம்" என்றார். எஃப்.ஐ.ஆர். எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். "மிளகுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட்டா ஸ்டேஷன்ல பேப்பர் பத்தாது" என்றார். வாசலில் பாராவில் நின்ற பெண் காவலர் மட்டும் நான் தாண்டும்போது குரலைத் தாழ்த்தி, "சி.எஸ்.ஆர். கேட்டு வாங்கிக்கங்கம்மா" என்றார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்த பிறகும் திரும்பப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்ற பயமும் இருந்தது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது, வந்துவிட்டேன்.

சி.எஸ்.ஆர். என்பது மனு ரசீது. எஃப்.ஐ.ஆர். போடாமல் மனுவாக மட்டும் எடுத்துக்கொண்டாலும், பதிவேட்டில் எண் போட்டு, தேதியும் ஸ்டேஷன் முத்திரையும் வைத்து ஒரு துண்டு தர வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனதற்கே சாட்சி கிடையாது. திருட்டுக்கு எஃப்.ஐ.ஆரே போட்டிருக்க வேண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-இலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் இது 173-ஆம் பிரிவு. மூன்று முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை வரும் குற்றம் என்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அப்படி விசாரிக்கிறோம் என்று சொன்னால், அனுமதி வாங்கிய விவரத்தை எழுத்தில் கேளுங்கள். வாய் வார்த்தையாகச் சொல்வது எதுவும் மறுநாள் நிற்காது.

மூன்றாம் நாள் எஸ்.ஐ. போன் செய்தார். தோட்டத்துக்கு யார் யார் வந்து போவார்கள் என்று கேட்டார். சொன்னேன். நான்கு பேர் பெயர். அதில் தம்பியின் பெயரும் இருந்தது. "அந்தப் பையன் பளியரா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த "அப்ப சரி"யை நான் பல ராத்திரி நினைத்துப் படுத்திருக்கிறேன். மற்ற மூன்று பேரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இந்த மலையில் எங்களுக்கெல்லாம் முன்னால் இருந்தவர்கள் பளியர்கள். தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் காட்டுக்குள் போய்வந்த குடும்பங்கள் இன்றைக்கு எங்களைப் போன்றவர்களின் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கின்றன. எங்கே எது காணாமல் போனாலும் ஜீப் முதலில் அவர்கள் குடியிருப்புக்குத்தான் போகும். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் பெயரைச் சொன்னேன். நாம் மறைக்க எதுவும் இல்லையே, கேட்டால் சொல்வதில் என்ன என்று நினைத்தேன்.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் நான் முதலில் சொல்வது இதைத்தான். யார் மேல் சந்தேகம் என்று எத்தனை தடவை கேட்டாலும், கண்ணால் பார்த்ததைத் தவிர எதையும் சொல்லாதீர்கள். வேலைக்கு வருகிறவர்களின் பட்டியல் வேண்டுமென்றால் எழுத்தில் கேட்கட்டும். எழுத்தில் பதில் கொடுங்கள். அதில் 'எனக்கு இவர்களில் யார் மேலும் சந்தேகம் இல்லை' என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரியை நான் எழுதிக் கொடுத்திருந்தால் தம்பியைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் டீக்கடை வாசலில் நின்றவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது மணிக்கு அவன் அம்மா கையில் டார்ச்சோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "போஸ்ட்டம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாங்க" என்றார். ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். "சும்மா விசாரணைக்குத்தாம்மா. காலைல அனுப்பிடுறோம்" என்றார்கள். அதை அப்படியே நம்பி, "அக்கா, காலைல வந்துருவான், போய்ப் படுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

காலையில் வரவில்லை. மறுநாள் ராத்திரியும் அங்கேதான் இருந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் விட்டார்கள்.

எங்கள் களத்தின் ஓரத்தில் அவன் நடந்து வந்ததைப் பார்த்தேன். செருப்பு கையில் இருந்தது. பாதத்தைத் தட்டையாக வைக்க முடியாமல், வெளி ஓரத்தில் மட்டும் ஊன்றி, காப்பிச் சருகு கிடக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தான். என்னைப் பார்த்ததும் நின்று, "நான் எடுக்கல, போஸ்ட்டம்மா" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. என்ன எழுதி வாங்கினார்கள் என்று கேட்டதற்கு, "எழுதல. வெள்ளப் பேப்பர்ல மூணு கையெழுத்து வாங்குனாங்க" என்றான்.

அந்த முதல் ராத்திரியிலேயே செய்திருக்க வேண்டியதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் விசாரிக்க வேண்டும், கைது தேவையில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ்.-இன் 35-ஆம் பிரிவில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்ல வேண்டும். கைது என்றால் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இந்த 24 மணி நேரக் கெடு அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவிலேயே உள்ளது. கைது செய்யும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. கைதும் இல்லை, நோட்டீஸும் இல்லை, 'சும்மா விசாரணை' என்று ராத்திரி முழுக்க வைத்திருப்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

தந்தி இருந்த காலத்தில் எங்கள் துறையில் எல்லோருக்கும் ஒன்று தெரியும். யாரையாவது போலீஸ் தூக்கிக்கொண்டு போனால், வக்கீல்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தந்தி ஆபீஸுக்கு ஓடுவார்கள். கலெக்டருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி போகும். பின்னால் போலீஸ் 'மறுநாள் காலையில்தான் பிடித்தோம்' என்று கணக்கு எழுதினால், தந்தியில் இருக்கும் மணி அதைப் பொய்யாக்கிவிடும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. அதன் இடத்தில் இப்போது 112 இருக்கிறது. போன் செய்து, 'இன்ன பெயருள்ளவரை இத்தனை மணிக்கு இன்ன இடத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள், கைதா இல்லையா சொல்லுங்கள்' என்று கேட்டால் அந்த அழைப்பு நேரத்தோடு பதிவாகும். அதே விவரத்தை எஸ்.பி.யின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். நான்கு வரி போதும். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் வைத்துத் தருவார்கள். இதெல்லாம் தெரியாமல் நான் அந்த அம்மாவைப் படுக்கப் போகச் சொன்னேன்.

விட்ட அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இது மட்டும்தான் நாங்கள் நேரத்துக்குச் செய்த காரியம். அதிலும் சிக்கல் வந்தது. எப்படித் தெரிந்ததோ, ஸ்டேஷனிலிருந்து ஒரு காவலர் எங்களுக்கு முன்பே அங்கே நின்றார். டாக்டர் பாதத்தைப் பார்த்துவிட்டு, "வண்டில இருந்து விழுந்தியாப்பா?" என்றார். தம்பி காவலரைப் பார்த்தான், தலையை ஆட்டினான். நான், "டாக்டர், போலீஸ்காரர் வெளிய நிக்கட்டும். அப்புறம் அவனையே கேளுங்க" என்றேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு காவலரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் தம்பி வாயைத் திறந்தான். விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்பார்களே அதில், யார் அடித்தது, எங்கே, எதனால் என்று அவன் சொன்னபடியே எழுதினார்கள். வழுக்கி விழுந்தார், மாவுக்கட்டு போட்டோம் என்ற கதையைத் தமிழ்நாட்டில் நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். அந்தக் கதை ஏ.ஆர். எழுதுகிற மேஜையில்தான் தொடங்கும். அங்கே சொல்லாமல் விட்டதைப் பிறகு எந்த மேஜையிலும் சேர்க்க முடியாது. ஏ.ஆர். எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காயத்தைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், இரண்டு நாள் கழித்தும் எடுங்கள். கன்றிப்போன இடம் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

அடுத்தது கேமரா. காவல் நிலையங்களின் உள்ளும் புறமும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம், வசதி இல்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது வருவதற்குச் சில மாதம் முன்புதான் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தார்கள். அந்த ஸ்டேஷன் கேமராவின் பதிவு அன்றாடம் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்து எழுதினார். இதையெல்லாம் செய்தியில் படித்தவள்தான் நான். ஆனாலும் ஆர்.டி.ஐ. என்கிற தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவைப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. முப்பதாவது நாள் பதில் வந்தது: குறிப்பிட்ட மூன்று நாளும் கேமரா பழுது. பழுது என்றால் அதைச் சரிசெய்யக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் கொடுங்கள் என்று மேல்முறையீடு செய்தேன். அதற்கு வந்த பதிலில் கடிதத்தின் தேதி, பழுதான நாளுக்கு ஆறு வாரம் பிந்தி இருந்தது. அந்தக் காகிதம் இப்போது எங்கள் பைலில் மேலாக இருக்கிறது. சம்பவம் நடந்த வாரத்திலேயே தேதியும் மணியும் போட்டு, 'இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்' என்று ஒரு கடிதத்தைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். ஆர்.டி.ஐ. அப்புறம் போகலாம்.

எங்களுக்குக் கைகொடுத்தது டீக்கடைக் கேமராதான். ஜீப்பில் ஏற்றிய இடம் அதில் விழுந்திருக்கும் என்று என் அக்கா மகன்தான் யோசித்துச் சொன்னான். அந்த மாதிரி சின்னப் பெட்டிகளில் பதினைந்து நாள் பதிவுதான் நிற்கும், அதற்குமேல் பழசின் மேலேயே புதிது ஏறிவிடும். நாங்கள் போனது பதினோராம் நாள். கடைக்காரர் வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். பென் டிரைவைச் செருகுவதற்கு முன், "எங்க மேல வராதுல்ல அக்கா?" என்று கேட்டார். வராது என்று என்னால் சொல்ல முடியவில்லை. "வந்தா நானும் கூட நிப்பேன்" என்றேன். அவர் பதிவை நகல் எடுத்துக் கொடுத்தார். திரையில் 7.52 என்று இருந்தது. என் போனில் அப்போதைய மணியையும் கேமரா பெட்டி காட்டிய மணியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பெட்டி பன்னிரண்டு நிமிஷம் வேகமாக ஓடுகிறது. அப்படியென்றால் ஏற்றியது 7.40. இரண்டு மணியும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்தோம். சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இத யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?" என்று கேட்டார். தபால் பையில் முத்திரை வைக்கிறவளுக்கு மணி முக்கியம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் சான்றிதழ் வேண்டும், அதனால் கடைக்காரரின் பெட்டியையும் மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள் என்று அவர்தான் சொன்னார்.

எஸ்.பி.க்கு மனு எழுதினேன். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடவில்லையென்றால் புகாரின் சாரத்தைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அவரும் எடுக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்பது அதே 173-ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு. எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்கு அந்தத் 'தபாலில்' என்ற வார்த்தை எவ்வளவு பெரிய உதவி என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. பெரிய ஆபீஸ் எல்லாம் மலைக்குக் கீழே. ஒரு தடவை இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், வளைவில் வாந்தி எடுத்து அடுத்த நாளும் போகும். போன இடத்தில் 'ஐயா கேம்ப் போயிருக்காரு' என்பார்கள். தபால் கேம்ப் போகாது. ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஆறாம் நாள் அட்டை முத்திரையோடு திரும்பி வந்தது. 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அனுப்புகிறவர்கள் ஸ்பீட் போஸ்டிலேயே பதிவும் டெலிவரி சான்றும் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் அந்த மனுவில் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன். திருட்டையும் அடித்ததையும் ஒரே மனுவில் எழுதினேன். மேலே இருந்து 'விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்ற குறிப்போடு அது படிப்படியாக இறங்கி அதே ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தது. ஒரு சாயங்காலம் எஸ்.ஐ. போன் செய்தார். "என் மேலதான் மனு போட்டிருக்கீங்க. அது என் டேபிள்லதான் இருக்கு. வந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். என்ன எழுதித் தருவது? சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை தேவையில்லை என்று. மனு முடிந்துவிடும். எத்தனை ஸ்டேஷன்களில் எத்தனை மனு இப்படி 'முடிந்திருக்கும்' என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான் போகவில்லை. பி.என்.எஸ்.எஸ்.-இன் 179-ஆம் பிரிவின்படி பெண்களையும், அறுபது வயதைத் தாண்டியவர்களையும், பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளையும், மாற்றுத்திறனாளிகளையும் சாட்சியாக விசாரிக்க அவர்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. வக்கீல் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். "சார், எழுத்துல சம்மன் குடுங்க, வீட்டுல வந்து கேளுங்க, நான் சொல்றேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு போன் துண்டானது. போலீஸ்காரரிடம் மாட்டேன் என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை சில்லிட்டுப் போயிருந்தது.

இரண்டாவது தடவை மனுவைப் பிரித்து எழுதினோம். மிளகுத் திருட்டுக்கு ஒன்று, தம்பிக்கு நடந்ததற்கு ஒன்று. தம்பியின் மனுவில் முதல் வாக்கியமே, 'இந்த மனுவை மேற்படி நிலையத்தைச் சேர்ந்த எவரும் விசாரிக்கக் கூடாது என்றும், வேறு உட்கோட்டத்து அதிகாரியைக் கொண்டு விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்' என்று இருந்தது. அதை மனுவின் கடைசிப் பத்தியில் எழுதினால் யார் கண்ணிலும் படாது.

திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். 40 நாள் கழித்துப் போட்டார்கள். கையெழுத்துக்கு நீட்டியபோது உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். பாதியில், தோட்டத்தில் வேலை செய்த இன்னார் மேல் எனக்குச் சந்தேகம் இருப்பதாக ஒரு வரி. நான் சொல்லாத வரி. அதை எடுத்தால்தான் கையெழுத்து என்றேன். "டைப் பண்ணதும்மா, மாத்த முடியாது" என்றார் ரைட்டர். காத்திருக்கிறேன் என்றேன். முக்கால் மணி நேரத்தில் மாற்றிக் கொண்டுவந்தார். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், இணைய இணைப்பு சிரமமான இடமாக இருந்தால் 72 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மலைக்கும் அந்த மூன்று நாளுக்கு மேல் கிடையாது.

தம்பிதான் மேற்கொண்டு வேண்டாம் என்றான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம், அதில் எஃப்.ஐ.ஆருக்கு முன் முதல்கட்ட விசாரணை என்று இழுக்கவே முடியாது என்று வக்கீல் அம்மா எடுத்துச் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான் திரும்ப அந்த ரோட்டுலதான நடக்கணும்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. அடி வாங்கியது அவன், முடிவு செய்ய வேண்டியதும் அவன் என்பது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. உதவி செய்கிறோம் என்று நிற்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. நம் ஆத்திரத்துக்கு அவர்களைப் பலி கொடுத்துவிடக் கூடாது.

ஜூன் கடைசியில் திருப்புவனம் பக்கத்து மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்த செய்தி வந்தது. அங்கேயும் காணாமல் போன நகை என்றுதான் ஆரம்பம். மறுநாள் காலை தம்பியின் அம்மா எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பேசவில்லை. காப்பி கொடுத்தேன், குடித்தார். போகும்போது, "எம்புள்ள திரும்பி வந்தான், போஸ்ட்டம்மா. எழுதுங்க" என்றார். சாயங்காலம் தம்பியும் வந்து, எழுதலாம் என்றான்.

ஜூலையில் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பினோம். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, தமிழில் எழுதலாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அந்தக் கெடுவை மட்டும் தவறவிடக் கூடாது. ஆணையம் பரிந்துரைதானே செய்யும், அதை யார் கேட்பார்கள் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கலெக்டர் தலைமையில் இருக்கும் மாவட்டப் போலீஸ் புகார் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, மாவட்டக் குழுவுக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்று. தமிழ்நாட்டின் 2013-ஆம் வருஷச் சட்டம் கலெக்டரைத் தலைவராகவும் எஸ்.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. போலீஸ் மேல் வரும் புகாரைக் கேட்கும் குழுவில் போலீஸே உட்கார்ந்திருப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் இருக்கிற கதவைத் தட்டாமல் விட்டால், 'எங்களிடம் வரவே இல்லையே' என்று சொல்வார்கள்.

எஸ்.ஐ. மாற்றலில் போய்விட்டார். ஊரில் அதைத் தண்டனை என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். போன இடத்திலும் ஒரு மலைக்கிராமமும் ஒரு களவுப் புகாரும் இருக்கும்தானே. அந்த இரண்டு ராத்திரியும் கூட இருந்த ஏட்டு இன்னும் இங்கேதான் இருக்கிறார், சந்தையில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். மிளகு கிடைக்கவில்லை. அத்தனை ஊருக்கும் ஒரே ஸ்டேஷன், ஆள் பற்றாக்குறை, சீசனில் பாதிப் பேர் போக்குவரத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒருவனை இரண்டு ராத்திரி வைத்து அடிக்க மட்டும் ஆள் இருந்தது.

இந்த மிளகு சீசனில் தம்பி வேலைக்கு வந்துவிட்டான். ரோட்டோரத்து மரங்களில் மட்டும் ஏணி போட மாட்டான், உள்ளே இருக்கிற மரங்களுக்குப் போய்விடுவான். நானும் வற்புறுத்துவதில்லை. போன வாரம் ஆணையத்திலிருந்து அவன் பெயருக்கு விசாரணைக்கு அழைப்பு வந்தது. எனக்குப் பிறகு வந்த போஸ்ட் மாஸ்டர் பெண்ணே களத்துக்கு எடுத்துவந்து, டெலிவரித் தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள். தம்பி கையில் ஒட்டியிருந்த மிளகுப் பிசினைச் சட்டையில் துடைத்தான். தாளை என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க" என்றான். வாசித்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். அப்புறம், அதற்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தில், ஓரத்திலிருந்து ஓரம் வரை பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.